தமிழ் தெரியாத சார்

வைகுண்டராஜுக்கு மலையாளத்தில் ஒரே ஒரு சொல்தான் தெரியும். அதை ஏற்கெனவே மூன்று தடவை சொல்லியாயிற்று. இப்போது நாலாவது கேள்வி வந்தது.

"சாறே, கல்யாணம் கழிஞ்ஞோ?"

"அதெ," என்றான் வைகுண்டராஜ்.

"குட்டிகளுண்டோ?"

"அதெ."

"எத்ர?"

"அதெ."

கேட்டவன் ஜீப் டிரைவர் கருத்தக்கண்ணன். ஏலத்தோட்டங்களுக்கு நாள் தவறாமல் ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறுகிறவன். மலையாளம் அவனுக்குத் தண்ணிபட்ட பாடு. 'அதெ' என்றால் 'ஆமாம்' என்று அர்த்தம். எத்தனை பிள்ளை என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லும் மனிதரை அவன் அந்த மலையில் எங்கேயும் பார்த்திருக்க மாட்டான். ஆனாலும் சிரிக்காமல் அடுத்த கேள்விக்குப் போனான்.

"பார்ய எவிடெ? மரிச்சுபோயோ?"

"அதெ."

கருத்தக்கண்ணன் உச்சுக்கொட்டிவிட்டு டீக்கடைப் பக்கம் திரும்பினான். "பாவம்ப்பா. சாருக்குச் சம்சாரம் செத்துப்போச்சாம்," என்று தமிழில் அறிவித்தான்.

"அடப் பாவமே! இந்த வயசுலயா?" டீ ஆற்றிக்கொண்டிருந்த ராமுத்தாயின் கை அப்படியே நின்றது. "பிள்ளைக எத்தனையாம்?"

"அதச் சொல்ல மாட்டேங்குறாரு. நெறைய இருக்கும் போல."

இருபத்தாறு வயதுவரை ஒரு பெண்ணின் ஜாதகத்தைக்கூடக் கையில் தொட்டுப் பார்க்காத வைகுண்டராஜ், பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனாக அந்த டீயைக் குடித்து முடித்தான். மறுத்து ஒரு வார்த்தை பேச முடியாது. பேசினால் வேலை போய்விடும்.

விஷயம் இதுதான். முந்தின நாள்தான் அவன் அருப்புக்கோட்டையிலிருந்து ஊத்துப்பட்டி உயர்நிலைப்பள்ளிக்கு இங்கிலீஷ் வாத்தியாராக வந்திருந்தான். தேவாரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிற ஊர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று, ஜூன் மாதம். தலைமையாசிரியர் குருசாமி அவனை உட்கார வைத்து, எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"தம்பி, போன வருஷம் இங்கிலீஷ் பரீட்சை முப்பத்தொரு பிள்ளைக எழுதுச்சுக. தேறுனது நாலு. ஏன்னு தெரியுமா?"

"தெரியாது சார்."

"தமிழ்! வாத்தியாருக இங்கிலீஷத் தமிழ்லயே சொல்லிக் குடுத்தாக. பிள்ளைக பரீட்சையையும் தமிழ்லயே எழுதிட்டு வந்துருச்சுக. ஒரு பய, 'மதிப்பிற்குரிய ஐயா, கேள்வி புரியவில்லை'ன்னு நாலு பக்கம் எழுதியிருக்கான்."

"இனிமே வகுப்புல தமிழே பேச மாட்டேன் சார்."

"அது பத்தாது தம்பி. வாத்தியாருக்குத் தமிழ் தெரியும்னு தெரிஞ்சாலே போதும், பிள்ளைக சாகுற வரைக்கும் இங்கிலீஷ்ல வாயத் தொறக்காதுக. அதனால உங்களுக்குத் தமிழே தெரியாது. நீங்க மலையாளி. கோட்டயம்."

"சார், எனக்கு மலையாளம் ஒரு..."

"அது இந்த ஊருக்குத் தெரியவா போகுது?"

கேரளா எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற ஊரில் இருந்துகொண்டு இப்படி ஒரு யோசனை செய்ய குருசாமியால்தான் முடியும். அவர் வடுகபட்டிக்காரர். நினைத்ததை முடிக்காமல் விட மாட்டார்.

"ஜில்லாக் கல்வி அதிகாரி டி.இ.ஓ. வந்து பாத்துக் கையெழுத்துப் போட்டாத்தான் உங்க வேலை நிரந்தரம். அது வரைக்கும் இந்த ஊரு எல்லைக்குள்ள உங்க வாயிலருந்து ஒத்தைத் தமிழ்ச் சொல்லு வந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுச்சு, அன்னைக்குச் சாயங்காலப் பஸ்லயே ஏத்தி விட்டுருவேன். சரியா?"

"சரி சார்."

"இதான் நீங்க சொல்ற கடைசி 'சரி'."

வைகுண்டராஜ் தலையை மட்டும் ஆட்டினான். பி.ஏ., பி.டி. முடித்து இரண்டு வருஷமாக அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் அவன். அக்கா ஒன்றும் சொல்ல மாட்டாள். ஆனால் மச்சான், தினமும் இவன் முதல் கவளத்தை வாயில் வைக்கும் நேரம் பார்த்து, "அப்பறம் மாப்ளே, தகவல் ஏதும் வந்துச்சா?" என்று கேட்பார். அந்தக் கேள்வியோடு சேர்த்து விழுங்கிய சோறு இரண்டு வருஷமாகத் தொண்டையிலேயே நிற்கிறது. நாக்கை அறுத்துக்கொண்டாலும் சரி, இந்த வேலையை விடுவதில்லை என்று அவன் முடிவு செய்துவிட்டான்.

டீக்கடைச் சங்கதியைக் கேட்ட குருசாமி தலையைச் சொறிந்தார். "கருத்தக்கண்ணன மறந்துட்டேனே. சரி விடுங்க. நீங்க பேருக்குத்தான் மலையாளி. பொறந்தது வளந்ததெல்லாம் பம்பாய். அதனால மலையாளமும் சரியா வராது. சின்னக்கருப்புகிட்டச் சொல்லிட்டா ஊரு பூராப் போயிரும்."

சின்னக்கருப்பு பள்ளிக்கூடத்துப் பியூன். மணி அடிப்பது போக மிச்ச நேரமெல்லாம் தலைமையாசிரியர் அறை ஜன்னலுக்கு வெளியில்தான் இருப்பான். சொன்னபடியே அன்று மத்தியானத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை டீக்கடையில் வைகுண்டராஜுக்காகவே ஒருவர் குளித்து, சலவைச் சட்டை போட்டு, மீசையை முறுக்கிக்கொண்டு காத்திருந்தார். பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு வந்த ராக்கையா. இந்தியில் பேச ஆள் கிடைக்காமல் மனிதர் காய்ந்துபோயிருந்தார்.

"ஆயியே ஆயியே மாஸ்டர்ஜி! பம்பாய் மே கஹாங்?"

வைகுண்டராஜ் பேந்தப் பேந்த விழித்தான். இந்திக்கு 'அதெ' உதவாது என்பது மட்டும் தெரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவசரம் என்பதுபோல் கையைக் காட்டிவிட்டு, கண்மாய்ப் பக்கம் ஓட்டமாக ஓடினான். அரை மணி நேரம் கழித்து அவன் திரும்பியபோது ராக்கையா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். மறுபடியும் ஓட வேண்டியதாயிற்று.

"தண்ணி ஒத்துக்கலை போல," என்று ராமுத்தாய் பாலில்லாத டீ போட்டுக் கொடுத்தாள். ஒரு வாரம் அவனுக்குப் பால் டீயே கிடைக்கவில்லை.

மூன்றாவது தடவை குருசாமி நன்றாக யோசித்தார். மறுநாள் காலை பிரார்த்தனைக் கூட்டத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தார்.

"நம்ம இங்கிலீஷ் சாரப் பத்திப் பல பேச்சு அடிபடுது. உண்மை என்னன்னா, சாரு ஆப்பிரிக்கா. கொள்ளுத்தாத்தா காலத்துலயே கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போன குடும்பம். பேரு மட்டுந்தான் தமிழ்ப் பேரு. தமிழ் அங்கனயே அத்துப்போச்சு. கப்பல்ல வந்து பம்பாயில எறங்குனாக. கோட்டயத்துல ஒரு மாமா வீட்டுல தங்குனாக. அதான் கொளப்பம்."

மூன்று பொய்யையும் ஒரே நூலில் கோத்துவிட்ட திருப்தியில் அவர் நெஞ்சு நிமிர்ந்தது. வைகுண்டராஜும் நிம்மதியாக மூச்சு விட்டான். ஊத்துப்பட்டியில் ஆப்பிரிக்க பாஷை தெரிந்தவர் யாரும் இல்லை.

டீக்கடையில் மட்டும் ஒரு சந்தேகம் பாக்கியிருந்தது. "அப்ப அந்தச் செத்துப்போன சம்சாரம் ஆப்பிரிக்காக்காரியா?" என்று ராமுத்தாய் கேட்டாள். அவனுக்குத் தமிழ் தெரியாது என்று ஆகிவிட்டதால் யாரும் அவனிடம் பதிலை எதிர்பார்க்கவில்லை.

வெளியில் ஒருவழியாகச் சமாளித்தாயிற்று. வகுப்பில்தான் வினை.

பத்தாம் வகுப்பில் முப்பத்துநாலு பிள்ளைகள். வைகுண்டராஜ் இங்கிலீஷில் பேசினான். முப்பத்துநாலு பேரும் அவன் வாயையே பார்த்தார்கள். கேள்வி கேட்டான். பார்த்தார்கள். கெஞ்சினான், அதையும் பார்த்தார்கள். முன்பாவது தமிழில் ஏதோ பதில் வரும். இப்போது வகுப்பு மயான அமைதியாகிவிட்டது.

சொல்லிப் புரியாததை நடித்துக் காட்டுவது என்று தீர்மானித்தான். குதித்தான், அழுதான், பறந்தான். பாடத்தில் ஒரு வழிப்போக்கன் வெயிலில் மயங்கி விழுகிற இடம் வந்தது. வைகுண்டராஜ் தயங்கவில்லை. கண்களைச் சொருகிக்கொண்டு, கரும்பலகைக்குக் கீழே தொப்பென்று விழுந்தான்.

"ஏலே, சாருக்கு வலிப்புடா!" என்று கத்தினான் முதல் வரிசை செல்வமணி.

அவ்வளவுதான். வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். ஒருத்தி சாவிக்கொத்தை எடுத்து வலது கையில் திணித்தாள். ஒருவன் தோட்டத்துக் கதிரறுவாளைக் கொண்டுவந்து இடது கையில் திணித்தான். இரண்டு பேர் காலைப் பிடித்துக்கொண்டார்கள். எழுந்திருக்கப் பார்த்தால், "துள்ளுறாரு, நல்லா அமுக்குங்கடா!" என்று நெஞ்சின் மேல் செல்வமணி ஏறி உட்கார்ந்தான். இதற்கு மேல் பொறுக்க முடியாமல் வைகுண்டராஜ், "டேய்..." என்று வாயைத் திறந்த அதே நொடியில், வகுப்புத் தலைவி மொக்கம்மாள் ஒரு செம்புத் தண்ணீரை அப்படியே அந்த வாய்க்குள் கவிழ்த்தாள்.

புரையேறிக் கண்கள் பிதுங்கின. ஆனால் சொல் வெளியே வரவில்லை. நல்லவேளை, குலசாமிதான் காப்பாற்றியது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

இப்படிக் குலசாமி அவனை அந்த மாதத்தில் இன்னும் இரண்டு மூன்று முறை காப்பாற்றியது. டீக்கடையில் கொதிக்கக் கொதிக்க டீ தொடையில் கொட்டியபோது, "ஐயோ, எரியுதே!" என்று அவன் போட்ட கூச்சல், சரியாக அதே நேரத்தில் கருத்தக்கண்ணன் அமுக்கிய ஜீப் ஹாரனில் அமுங்கிப்போனது. குருசாமி அப்போது பத்தடி தூரத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். தன் ஜாதகத்தில் இப்படியெல்லாம் யோகம் இருப்பது வைகுண்டராஜுக்கு அதுவரை தெரியாது.

ஆனால் ஜூலை மாதப் பரீட்சையில் எந்த யோகமும் வேலை செய்யவில்லை. முப்பத்துநாலு பேரில் ஒருவர்கூடத் தேறவில்லை. போன வருஷமாவது நாலு.

"அக்டோபர்ல டி.இ.ஓ. வர்றாரு," என்றார் குருசாமி. "பிள்ளைக இப்படியே மலங்க மலங்க முழிச்சா, கையெழுத்துப் போட மாட்டாரு. அப்பறம் உங்க சாமர்த்தியம்."

அன்று மத்தியானம் வைகுண்டராஜ் வகுப்பில் நாற்காலியில் உட்கார்ந்து, மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். நடிப்பில்லை. நிஜமாகவே முடியவில்லை. மச்சானின் குரல் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தான். மொக்கம்மாள் எழுந்து நின்றாள். பாவாடையைக் கசக்கிக்கொண்டு, கூரையைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகத் தேடியெடுத்துச் சொன்னாள்.

"சார். யூ... நோ தமிழ். வெரி சேட். வீ... டீச் யூ தமிழ்."

அந்த வகுப்பில் முதன்முதலாகக் கேட்ட இங்கிலீஷ் அது. வைகுண்டராஜுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

மறுநாளே பாடம் தொடங்கியது. செல்வமணி கரும்பலகையில் 'அ' எழுதிக் காட்டி, சாக்கட்டியை நீட்டினான். கல்லூரியில் தமிழ்க் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவன் வைகுண்டராஜ். இப்போது கை நடுங்க நடுங்க, 'அ'வைக் கவிழ்ந்து கிடக்கிற ஆமை மாதிரி எழுதினான். வகுப்பே, "நோ சார்! ராங் சார்!" என்று கூவியது. எழுதியதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். 'தமிழ்' என்று சொல்லச் சொன்னபோதுதான் உயிரே போய்விட்டது. அவனுடைய ழகரத்தைக் கேட்டுக் கல்லூரி முதல்வர் ஒரு தடவை மேடையிலேயே பாராட்டியிருக்கிறார். அந்த வாயால் "தமில்... தமில்..." என்று முப்பது தடவை சொன்னான். மொக்கம்மாள் பொறுமையாக நாக்கை மடித்து மடித்துக் காட்டினாள்.

ஆனால் அவனும் லேசுப்பட்டவன் இல்லை. அவர்கள் எந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்தாலும், புரியாதவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, அப்படியென்றால் என்ன என்று இங்கிலீஷில் கேட்டான். சொல்லித்தானே ஆக வேண்டும்?

"வாய்க்கால்," என்றான் செல்வமணி.

வைகுண்டராஜ் உதட்டைப் பிதுக்கினான்.

"சார்... வாட்டர்... வாட்டர் கோயிங் ரோடு."

"வரப்பு!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "ஸ்மால் மட் வால், சார். மேன் வாக்கிங். ஸ்நேக் ஆல்சோ வாக்கிங்!"

பாம்பு நடக்காது, ஊரும் என்று வைகுண்டராஜ் இங்கிலீஷில் திருத்தினான். ஒரு சொல் கேட்டால் நாலு சொல் கிடைக்கிறது என்று பிள்ளைகள் கண்டுகொண்டார்கள். சாருக்குத் தமிழ் புகட்டுவதற்காக வீட்டிலிருந்து அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அகராதி இல்லாதவர்கள் கலப்பையையே தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆகஸ்டு முடிவதற்குள் அந்த வகுப்பில் சத்தம் தாங்க முடியவில்லை. பாதி இங்கிலீஷ், பாதி தமிழ், பாதி கைச்சாடை.

சத்தம் குருசாமி காதுக்குப் போகாமல் இருக்குமா? ஒருநாள் விறுவிறுவென்று வந்து வாசலில் நின்றார். உள்ளே கரும்பலகை முழுக்கத் தமிழ் எழுத்து. வைகுண்டராஜை வராந்தாவுக்கு இழுத்துப் போனார்.

"இங்கிலீஷ் வகுப்புல தமிழா? என்னய்யா நடக்குது இங்கன?"

வைகுண்டராஜ் சுற்றிலும் பார்த்துவிட்டு இங்கிலீஷிலேயே பதில் சொன்னான். தமிழை இழந்த ஆப்பிரிக்காக்காரனுக்குப் பிள்ளைகள் தமிழ் சொல்லித் தருகிறார்கள். வேண்டாமென்றால் ஊர் என்ன நினைக்கும்? தலைமையாசிரியரே பிரார்த்தனைக் கூட்டத்தில் சொன்னதாயிற்றே.

சொன்ன பொய்யை அவரே வந்து உடைக்க முடியாது. குருசாமி பல்லைக் கடித்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குள் ஊரும் களத்தில் இறங்கிவிட்டது. "ஆத்தா, ஒரு டீ குடுங்க," என்று தெளிவாகச் சொன்னால்தான் ராமுத்தாய் டீ கொடுப்பாள். அவன் திக்கித் திணறி, "ஆட்டா... டீ குடு..." என்பான். "நாளைக்கு இன்னும் நல்லா வரும் சார்," என்று தட்டிக்கொடுத்து டீயை நீட்டுவாள். ராக்கையா மாதப் பெயர்களைச் சொல்லிக் கொடுத்தார். கருத்தக்கண்ணன் சொல்லிக் கொடுத்த சொற்களை இங்கே எழுத முடியாது. அவற்றைப் புரிந்தும் புரியாதவன் மாதிரி, முகம் சிவக்காமல் திருப்பிச் சொல்வதற்கு வைகுண்டராஜ் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை.

அக்டோபர் மாதம் டி.இ.ஓ. வந்தே விட்டார். ஒல்லியான மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் வைகுண்டராஜின் கோப்பு. அவருக்குப் பின்னால் குருசாமி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நுழைந்தார். முந்தின வாரம் முழுக்க அவரே வகுப்புக்கு வந்து, பசுவைப் பற்றிய கட்டுரையை முப்பத்துநாலு பேருக்கும் உருப்போட வைத்திருந்தார். 'தமிழ்ப் பாடம் கூடவே கூடாது. பசு மட்டுந்தான்' என்பது அவருடைய உத்தரவு.

டி.இ.ஓ. கையைக் காட்டியதும் செல்வமணி எழுந்து பசுவை மூச்சு விடாமல் ஒப்பித்தான். உங்கள் வீட்டில் பசு இருக்கிறதா, என்ன நிறம் என்று டி.இ.ஓ. இங்கிலீஷில் கேட்டார். செல்வமணி திருதிருவென்று விழித்துவிட்டு, பசுவுக்கு நாலு கால் என்று மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினான். அடுத்தவளைக் கேட்டார். அவள் பசுவுக்கும் நாலு கால். மூன்றாவது பசுவோடு டி.இ.ஓ. நிறுத்திக்கொண்டார்.

வைகுண்டராஜுக்குச் சாயங்காலப் பஸ் கண்ணில் தெரிந்தது.

டி.இ.ஓ. கோப்பைத் திறந்து பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்து, நல்ல தமிழில், எல்லோர் காதிலும் விழும்படியாகக் கேட்டார்:

"ஏன் சார், உங்களுக்கு அருப்புக்கோட்டைதானே சொந்த ஊரு?"

ஆமாம் என்றால் இத்தனை மாதமும் பிள்ளைகளை ஏமாற்றியது வெட்டவெளிச்சமாகும். இல்லை என்றால், கோப்பில் பிறந்த ஊரும் தாய்மொழியும் அச்சடித்த மாதிரி இருக்கிறது. குருசாமி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நோ சார்!"

மொக்கம்மாள் எழுந்து நின்றாள். "ஹீ ஈஸ் ஆப்பிரிக்கா, சார்! நோ அருப்புக்கோட்டை!"

"ஆப்பிரிக்காவா?" என்றார் டி.இ.ஓ.

"எஸ் சார்!" செல்வமணியும் குதித்தெழுந்தான். "ஹிஸ் கிராண்ட்ஃபாதர் ஃபாதர் கோ இன் ஷிப்! ஷுகர்கேன் வொர்க்! தமிழ் ஆல் லாஸ்ட், சார். வீ ஆர் கிவிங் பேக்!"

"எவ்ரி டே கிவிங், சார்!" என்று முப்பத்துநாலு பேரும் எழுந்துவிட்டார்கள்.

டி.இ.ஓ. கோப்பை ஒரு தடவை பார்த்தார், பிள்ளைகளை ஒரு தடவை பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நேற்று என்ன சொல்லிக் கொடுத்தீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார்.

"மடை, சார்!" என்றாள் மொக்கம்மாள். "கெனால் வாட்டர் கமிங். புட் மட், வாட்டர் ஸ்டாப். டேக் மட், வாட்டர் கோ மை ஃபீல்டு."

"நோ சார்! ஃபர்ஸ்ட் மை ஃபீல்டு!" என்றான் செல்வமணி.

"லையர்! டியூஸ்டே அவர் டர்ன்! யுவர் ஃபாதர் கட் அவர் மடை!"

"யுவர் அங்கிள் கட் ஃபர்ஸ்ட்! ஹீ புஷ் மை ஃபாதர் இன் மட்!"

"யுவர் ஃபாதர் ஸ்லிப்! நோபடி புஷ்!"

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. கீழ்மடைப் பிள்ளைகள் செல்வமணி பக்கம், மேல்மடைப் பிள்ளைகள் மொக்கம்மாள் பக்கம். தண்ணீர்த் தகராறு முழுக்க முழுக்க இங்கிலீஷில் நடந்தது. இலக்கணம் நாலா பக்கமும் சிதறியது. ஆனால் யார் யாரை எப்போது சேற்றில் தள்ளினார்கள் என்பதில் ஒரு சந்தேகமும் இல்லை. கடைசியில் டி.இ.ஓ. எழுந்து நின்று இரண்டு பக்கத்தையும் விலக்கிவிட வேண்டியதாயிற்று.

"பதினெட்டு வருஷமா பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போறேன்," என்று குருசாமியிடம் சொன்னார். "இங்கிலீஷ்ல ஒப்பிக்கிற பிள்ளைகளப் பார்த்திருக்கேன். இங்கிலீஷ்ல சண்டை போடுற பிள்ளைகள இன்னைக்குத்தான்யா பார்க்கிறேன்."

பிறகு வைகுண்டராஜிடம் திரும்பினார். "எங்கே, நீங்க தமிழ்ல ஏதாவது சொல்லுங்க, பார்ப்போம்."

"எனக்கு... தமில்... கொஞ்சம்... வருது," என்றான் வைகுண்டராஜ். முப்பத்துநாலு பேரும் கைதட்டினார்கள்.

டி.இ.ஓ. கோப்பிலிருந்த தமிழ்க் கட்டுரைப் போட்டிச் சான்றிதழைச் சற்று நேரம் பார்த்தார். மீசைக்குள் ஏதோ அசைந்தது. பேனாவைத் திறந்து எழுதினார்: 'வகுப்பு மிக நன்று. ஆசிரியரின் தமிழ் திருப்திகரமாக முன்னேறி வருகிறது. பணியை நிரந்தரமாக்கப் பரிந்துரைக்கிறேன்.' கையெழுத்துப் போட்டார்.

அவருடைய ஜீப் போன பிறகு குருசாமி வைகுண்டராஜின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "தம்பி, இனிமே உங்க இஷ்டம். ஆனா ஒரேயடியாப் பேசிறாதீக. கொஞ்சங்கொஞ்சமா வந்தாப்புல பேசுங்க."

வேலை கிடைத்துவிட்டது. மச்சானுக்குத் தகவல் வந்துவிட்டது. ஆனால் சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் வைகுண்டராஜுக்கு மனசு அறுத்தது. இந்த ஊர் அவனை நம்பி, வேலையை விட்டுவிட்டு வந்து, மூன்று மாதமாக அவன் வாய்க்குள் தமிழை ஊட்டியிருக்கிறது. பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பிள்ளைகள் அவனுக்காக அதிகாரியிடம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். இத்தனை நல்ல சனங்களை ஏமாற்றிவிட்டோமே! இனி ஒரு நாள்கூட இந்தப் பொய்யோடு இருக்க முடியாது என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. அடித்தாலும் பட்டுக்கொள்வது, காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்வது என்று உறுதி செய்துகொண்டு, பள்ளிக்கூடம் விட்டதும் நேராக டீக்கடைக்கு நடந்தான்.

கடையில் ராமுத்தாய் மட்டும் இருந்தாள்.

"வாங்க சார். கையெழுத்துப் போட்டுட்டாராம்ல? இன்னைக்கு டீ எப்படிக் கேக்கப் போறீக?"

வைகுண்டராஜ் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஆத்தா, என்னை மன்னிச்சிருங்க. நான் ஆப்பிரிக்கா இல்ல. அருப்புக்கோட்டை. எனக்குக் கல்யாணமும் ஆகல, சம்சாரமும் சாகல. பொறந்ததுலருந்து தமிழ்தான் பேசுறேன். உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன்."

ராமுத்தாய் டீயை ஆற்றிக்கொண்டேயிருந்தாள்.

"அது தெரியுமே சார். மொத நாளு பஸ்ஸ விட்டு எறங்குன ஒடனே, 'ஆத்தா, பள்ளிக்கூடத்துக்கு எந்தப் பக்கமாப் போகணும்?'னு எங்கிட்டத்தான வந்து கேட்டீக."

வைகுண்டராஜ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப... தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு ஆத்தா ஊரே சேர்ந்து எனக்குத் தமிழ் சொல்லிக் குடுத்தீங்க?"

"பின்ன என்ன சார் செய்ய? தமிழ் பேசுனா வேலைய விட்டு ஏத்தி விட்டுருவேன்னு எட்மாஸ்டரு சொன்னத, அன்னைக்கே சின்னக்கருப்பு வந்து சொல்லிட்டான். நாங்க சொல்லிக் குடுத்து நீங்க பேசுனா, அவரு என்னத்தக் கேட்டுற முடியும்?"